எண்ணும் குரலும்

காலை ஆறரை மணி. பேராதனையில் மகாவலியின் மேற்படிந்த பனி இன்னும் கலையவில்லை. மகளிர் விடுதியொன்றின் படிக்கட்டில் அமர்ந்து மாணவியொருத்தி கைத்தொலைபேசியைக் காதில் வைத்திருக்கின்றாள். மறுமுனையில், அட்டனுக்கு அப்பால் மலைச்சரிவொன்றிலுள்ள தோட்ட லயத்தில், அவளுடைய அம்மாயி பேசுகின்றார்.

"மெஷின மாட்டினீங்களா அம்மாயி?"

"மாட்டிட்டேன் புள்ள. தொண்ணூத்தொண்ணு காட்டுது."

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பக்கத்துக் காம்பரா ஆடு வந்து நம்ம போஞ்சிக் கொடியக் கடிச்சிருச்சு. கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க..."

ஆட்டின் வரலாறு நீளும். மாணவி சிரித்துக்கொண்டே அப்பியாசக் கொப்பியொன்றைத் திறந்து, திகதிக்கு நேரே 91 என்று எழுதுவாள். பின்பு விரிவுரைக்குப் புறப்படுவாள். இரண்டாண்டுகளாக நடைபெற்றுவரும் காலைக் கடன் இது. தாயார் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். மாமா கொழும்பில் கடையொன்றில் வேலை. லயத்தில் அம்மாயிக்குத் துணை பதின்மூன்று வயதுத் தம்பி மட்டுமே. ஆகவே, கிழவியின் மூச்சுக்குக் காவல் நிற்கும் பொறுப்பு எழுபது கிலோமீற்றருக்குள் அமைந்த ஒரு விடுதிப் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.

வைத்திய உலகம் இதற்குத் தொலைக் கண்காணிப்பு என்று பெயரிட்டுள்ளது. நாட்பட்ட நோயாளரை அவர்தம் வீட்டிலேயே இருக்கவிட்டு, அவருடைய உடல்நிலை பற்றிய செய்திகளை நாள்தோறும் கருவிகளின் மூலம் பெற்று, ஆபத்து நெருங்குமுன் உதவியை அனுப்புவதே அதன் நோக்கம். மேலை நாடுகளில் கோடிக்கணக்கில் பணஞ் செலவிட்டு ஆராயப்பட்ட முறை இது. அந்த ஆராய்ச்சிகள் கண்ட முடிவையும், கொப்பியில் எழுதப்பட்ட அந்த 91 என்னும் எண்ணையும் அருகருகே வைத்து நோக்குவது பயன் தருவதாகும்.

அம்மாயிக்கு உள்ள நோயைச் சீ.ஓ.பி.டி. என்பர், தமிழில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் எனலாம். மூச்சுக்குழாய்கள் ஆண்டுக்கணக்காக அழற்சியுற்று ஒடுங்கிவிடுகின்றன. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே சென்ற காற்று முழுமையாக வெளியேற முடியாது சிறைப்படுகின்றது. நோயாளி மூச்சை இழுக்க முடியாமல் தவிப்பதாகப் பார்ப்போர் எண்ணுவர். உண்மையில் விட முடியாமையே அவருடைய பெருந் துன்பம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் 35 இலட்சம் மக்கள் இந்நோயினால் இறந்தனர். உலகின் மரண காரணங்களுள் அவ்வாண்டில் இதற்கு நான்காம் இடம். எழுபது வயதை எட்டுமுன் இந்நோயால் இறப்போரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரையில் வறிய நாடுகளையும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தோர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

மேலை நாடுகளில் இந்நோய்க்குத் தலையாய காரணம் புகைபிடித்தல். அம்மாயி ஒருநாளும் பீடியைத் தொட்டவரல்லர். எனினும் கிளினிக்கில் அவரிடம் முதலிற் கேட்கப்பட்ட கேள்வி, "சிகரட் குடிக்கிற பழக்கம் இருக்கா?" என்பதே. கேட்டவர் மீது குற்றமில்லை. படிவத்தில் அந்தக் கேள்விதான் இருந்தது. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அப்பெண், மலைக்குப் போகுமுன்னும் மலையிலிருந்து வந்தபின்னும், சன்னலற்ற ஒரு குசினியில் ஈரவிறகை ஊதி ஊதி அடுப்பெரித்த கணக்கு எந்தப் படிவத்திலும் இல்லை. மழைக்காலத்தில் புகை வெளியே போகாது. கூரைத் தகரத்தின் அடியிற் கரியாகத் திரண்டு நிற்கும். கூரையில் திரண்டது கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் திரண்டதைக் காட்டுதற்கு அறுபத்தெட்டு வயது வரவேண்டியிருந்தது.

தூரத்திலிருந்து நோயாளியை அறியும் விருப்பம் புதியதன்று. 1816 இல் லெனெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர், இளம் பெண்ணொருத்தியின் மார்பிற் காதை வைத்துக் கேட்கக் கூசித் தாளொன்றைச் சுருட்டிக் குழாயாக்கினார். இதயத் துடிப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது. வைத்தியருக்கும் நோயாளிக்குமிடையே ஒரு கருவி புகுந்த கதை இவ்வாறு தொடங்குகின்றது. தொலைபேசி பிறந்து மூன்றாண்டுகளே கழிந்த நிலையில், 1879 இல் 'லான்செட்' என்னும் வைத்திய இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. நள்ளிரவில் குழந்தையொன்று இருமியது, வீட்டார் அஞ்சினர், தொலைபேசியில் வைத்தியரை அழைத்தனர். அவர் குழந்தையைத் தொலைபேசியருகே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதன் இருமலைக் கேட்டு, அஞ்சியபடி தொண்டை அடைப்பு நோயன்று எனத் தேற்றினார். யாவரும் உறங்கச் சென்றனர். அந்த இரவில் அக்குழந்தைக்காகக் கவலைப்பட்டோருள் அதன் பாட்டியும் ஒருவர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின், பாட்டியின் இருமலைப் பேரப்பிள்ளை தொலைபேசியிற் கேட்கின்றாள்.

அம்மாயியின் விரலிற் கௌவும் சிறு கருவியின் மூலதத்துவம் யப்பானிய பொறியியலாளரான தக்குவோ அவோயகியினுடையது; 1974 இல் அவர் அதனை வெளியிட்டார். விரலினூடே இருவகை ஒளியைச் செலுத்தி, நாடித் துடிப்போடு மாறுபடும் ஒளியுறிஞ்சலைக் கொண்டு, குருதியிலுள்ள ஒட்சிசனின் செறிவை அது கணிக்கின்றது. ஊசி வேண்டியதில்லை; வலியில்லை. பல காலம் சத்திரசிகிச்சை அறைகளுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குமே உரியதாயிருந்த அக்கருவி கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளுக்குட் புகுந்தது. நோயாளரை வீட்டில் வைத்தே பராமரித்து, தொலைபேசியில் விசாரிக்கும் முறை 2021 இல் இலங்கையிலும் கைக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டில்தான் மாமா கொழும்புப் பாமசியொன்றில் அதனை வாங்கி, பஸ் நடத்துநர் ஒருவரின் கையிற் கொடுத்தனுப்பினார். அவோயகி அதற்கு முந்திய ஆண்டு, 2020 ஏப்பிரலில், காலமானார்.

கருவி கிடைத்துவிட்டது. அது நோயாளியைக் காக்கின்றதா என்பதே வினா.

இங்கிலாந்து அரசாங்கம் இவ்வினாவுக்குப் பெரிய அளவில் விடைகாண முயன்றது. 2008 இல் தொடங்கிய ஒரு பரிசோதனையில் கோர்ண்வால், கென்ற், நியூஹாம் ஆகிய மூன்று பகுதிகளில் 3,230 நோயாளர் சேர்க்கப்பட்டனர். நீரிழிவு, இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பவற்றுள் ஏதேனுமொன்றை உடையவர்கள் அவர்கள். ஒரு சாராருக்கு வீட்டிற் கருவிகள் வழங்கப்பட்டன. மறு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. 2012 இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர், கருவி பெற்றோருள் நூற்றுக்கு 4.6, பெறாதோருள் 8.3. கேட்டோர் மகிழ்ந்தனர். முடிவுகள் முழுமையாக வெளிவருமுன்னரே, 2011 இல், முப்பது இலட்சம் மக்களுக்கு இதனை விரிவாக்கும் திட்டத்தைப் பிரித்தானிய அரசு அறிவித்திருந்தது. ஆனால் 2013 இல் வெளிவந்த தொடர் ஆய்வுகள் அம்மகிழ்ச்சியைத் தணித்தன. நோயாளரின் வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கிடைத்த சிறு பயனை நோக்கச் செலவு மிகப் பெரிது என்பன அவை காட்டிய உண்மைகள்.

அதே 2013 இல் ஸ்கொட்லாந்திலிருந்து மற்றொரு முடிவு வந்தது. எடின்பரோவை உள்ளடக்கிய லோதியன் பகுதியில், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் முந்திய ஆண்டில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 256 பேரை ஆய்வாளர் இரு சம பாதியாகப் பிரித்தனர். ஒரு பாதியினர் நாள்தோறும் தொடுதிரையில் தம் நோய்க்குறிகளைப் பதிந்தனர்; விரற்கருவியின் அளவும் உடன் சென்றது; மறுமுனையில் பயிற்சி பெற்ற குழுவினர் அவற்றைக் கவனித்தனர். மற்றப் பாதியினருக்குக் கருவி இல்லை. ஆயின் இந்த ஆய்வின் நுட்பம் ஒன்றுண்டு. இரு சாராருக்கும் ஒரே தரமான வைத்திய கவனிப்பும் தற்பராமரிப்பு அறிவுறுத்தலும் கிடைக்குமாறு அவர்கள் பார்த்துக்கொண்டனர். கருவியின் பயனை மாத்திரம் தனித்துப் பிரித்தறிய அவர்கள் விரும்பினர். ஓராண்டின் முடிவில், மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்லும் காலத்தில் இரு சாராருக்குமிடையே வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. முந்திய ஆய்வுகளில் தோன்றிய நன்மை கருவியினால் விளைந்ததன்று, கருவியோடு கூடவே வந்த மேம்பட்ட வைத்திய சேவையினால் விளைந்ததாகலாம் என்பது அவர்தம் கருத்து.

எனினும் நோயாளரிடம் பேசியபோது, அவர்கள் கருவியை விரும்பினர் எனத் தெரியவந்தது. தம்மை யாரோ பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள் என்ற ஆறுதலை அது அவர்களுக்குத் தந்தது. வைத்திய ஊழியர்களோ, நோயாளர் கருவியையும் தம்மையுமே முற்றாகச் சார்ந்துவிடுவார்களோ என அஞ்சினர். இரண்டு உணர்வும் மெய்யானவை.

இவை யாவற்றினும் கூர்மையான பாடம் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. அங்கு முன்னாட் படைவீரர்க்கான வைத்தியசாலைகளில், இந்நோயாளருக்குக் கல்வியூட்டி, நோய் முற்றினால் தாமே மருந்தைத் தொடங்கும் திட்டத்தையும் கொடுத்து, தொலைபேசியில் தொடர்ந்து விசாரிக்கும் முறை பரிசோதிக்கப்பட்டது. நன்மையே விளையும் என யாவரும் எதிர்பார்த்தனர். 426 பேர் சேர்ந்திருந்த நிலையில் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. இத்திட்டத்தில் இருந்தோருள் 28 பேரும், வழக்கமான கவனிப்பில் இருந்தோருள் 10 பேரும் இறந்திருந்தனர். 2012 இல் வெளிவந்த அவ்வறிக்கையால் காரணத்தை முற்றாக விளக்க முடியவில்லை. நல்லெண்ணத்தாற் செய்யப்படுவது நல்லதாகவே முடியும் என்ற நம்பிக்கை, நுரையீரலைப் பொறுத்தமட்டிற் போதாது.

எண் ஏன் ஏமாற்றுகின்றது? சுகதேகியொருவரின் ஒட்சிசன் அளவு பொதுவாக 95க்கு மேல் இருக்கும். அம்மாயி போன்றோருக்கு 91 நல்ல நாளின் அடையாளமாகலாம். இந்நோயாளர் சிலருக்கு ஒட்சிசனைக் கூடுதலாகக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு உடலிற் தேங்கி ஆபத்து விளையும்; ஆதலால் 88 முதல் 92 வரையே இலக்காகக் கொள்ளப்படுகின்றது. அவரவருடைய வழக்கமான அளவு தெரியாதவருக்கு எண் எதனையும் சொல்லாது. விரல் குளிர்ந்திருந்தாலும் கருவி தடுமாறும்; மலைநாட்டு விடியலில் குளிராத விரல் ஏது? இன்னொன்றும் உண்டு. கறுத்த தோலில் இக்கருவி உள்ளதை விட உயர்ந்த அளவைக் காட்டக்கூடும். 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92க்கும் 96க்கும் இடைப்பட்ட அளவைக் காட்டிய வேளையில், உண்மையில் 88க்குக் கீழே இறங்கியிருந்த நிலை வெள்ளையரிடத்து நூற்றுக்கு 3.6 தடவையும், கறுப்பரிடத்து 11.7 தடவையும் காணப்பட்டது. வெயிலில் நாற்பதாண்டு நின்ற தேகங்களுக்கு இக்கருவியை வாங்கிக் கொடுப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று.

நோய் முற்றும்போது முதலில் மாறுவன பெரும்பாலும் எண்ணுக்கு அப்பாற்பட்டவை. மூச்சிரைப்புக் கூடும், சளி பெருகும், அதன் நிறம் மாறும். இம்மூன்றையும் கேட்டுத்தான் அறியவேண்டும்.

சென்ற மார்கழியில் ஒரு காலை. பரீட்சைக்கு ஐந்து நாட்களே இருந்தன. "தொண்ணூத்தொண்ணு" என்றார் அம்மாயி. கொப்பியில் அதற்கு முந்திய மூன்று நாட்களும் அதே எண். மாணவி எழுதிவிட்டுக் கைத்தொலைபேசியை வைக்கப் போனவள் வைக்கவில்லை. ஏதோ குறைந்தது. ஆடு வரவில்லை. போஞ்சி வரவில்லை. பக்கத்துக் காம்பராவின் மீதான முறைப்பாடு வரவில்லை.

"சாப்பிட்டீங்களா அம்மாயி?"

"ம்... சாப்பிட்டு... படுக்கணும்."

மூன்று சொற்களுக்கு இடையே இரண்டு மூச்சு. சளி என்ன நிறம் என்று கேட்டாள். மறுமுனையில் மௌனம். தம்பியை அழைத்துக் கேட்டபோது, இரண்டு நாட்களாக மஞ்சளும் பச்சையுமாகப் போகின்றதென்றான். கிளினிக் அட்டையில் அழைப்பதற்குத் தொலைபேசி எண் எதுவுமில்லை. அடுத்த கிளினிக் திகதி மட்டுமே இருந்தது. அவள் 1990ஐ அழைத்தாள். 2016 இல் ஆரம்பிக்கப்பட்ட சுவ செரிய அம்புலன்ஸ் சேவை பிரதான பாதை வரையில் வந்தது. லயத்திலிருந்து பாதைக்கு இறங்கும் படிகளில் அம்மாயியைக் கதிரையில் இருத்தி நால்வர் தூக்கி வந்தனர். அவர்களுள் இருவர் ஆட்டுக்குச் சொந்தக்காரர்கள். அம்புலன்சில் இருந்த கருவி 82 எனக் காட்டிற்று.

எட்டு நாட்களின் பின் வீடு திரும்பியதும் அம்மாயி ஓர் உண்மையைச் சொன்னார். விரற்கருவியின் பற்றரி நான்கு நாட்களுக்கு முன்பே செத்துப்போயிருந்தது. புதிது வாங்கத் தம்பியைக் கடைக்கு அனுப்பவில்லை, மழை.

"அப்ப ஏன் தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னீங்க?"

"அந்த நம்பரச் சொன்னாத்தான நீ நிம்மதியாப் படிக்கப் போவ?"

இவ்விடத்தில் கருவியின் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் வேண்டும். லோதியனிற் போன்று அளவு தானாகவே சென்று சேரும் ஒழுங்கு இருந்திருப்பின், அந்த நான்கு நாட்களும் வெற்றிடமாகத் தோன்றியிருக்கும். யாரேனும் ஏனென்று கேட்டிருப்பர். அன்பினால் பொய் சொல்லத் தெரியாமை இயந்திரத்தின் சிறப்பு. ஆனால் ஏனென்று கேட்பதற்கு மறுமுனையில் ஒருவர் இருத்தல் வேண்டும். கேட்டபின் அனுப்புவதற்கு மருந்தும் வாகனமும் பாதையும் இருத்தல் வேண்டும். லோதியனில் இரு சாராருக்கும் இவை இருந்தன. அதனாலேயே கருவி மேலதிகமாக எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை. மலைநாட்டு லயத்தில் இவற்றுட் பல இல்லை. இல்லாதவற்றின் இடத்திற் கருவியை வைத்துவிட்டு, சேவை வந்துவிட்டது எனக் கொள்ளும் ஆபத்து வறிய நாடுகளுக்கே மிகுதியாக உண்டு. விலை கொடுத்து வாங்குவதற்கு எளிதானது கருவி. கட்டியெழுப்புவதற்குக் கடினமானது கவனிப்பு.

அக்கடினமான பணியை இந்த நாடு அறியாததன்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் கவனிக்கும் முறை இங்கு வேரூன்றியது. குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்து உள்ளே வந்து, குழந்தையின் நிறையைப் பார்ப்பதோடு, தாயின் முகத்தையும் பார்க்கின்றார். தாய்மார் மரணத்தையும் சிசு மரணத்தையும் குறைத்து இலங்கை அடைந்த பெயரில் அந்த நடைக்குப் பெரும் பங்குண்டு. பிறப்பைக் காக்க வகுத்த அவ்வொழுங்கு, மூச்சு முட்டி முதுமையடைவோருக்கு இன்னும் அவ்வாறு விரிவடையவில்லை. பிரதேசத்து நோயாளரைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு தாதி, அவரை அழைக்க ஓர் எண், மருந்தை உறிஞ்சும் முறையைக் கையைப் பிடித்துக் காட்டும் பத்து நிமிடம், குசினிக்கு ஒரு புகைபோக்கி: இவை முதலில் வரட்டும். அவற்றின் மேல் கருவியும் வருமாயின் அது பயன்படும்.

அதுவரையில் அப்பணி பேரப்பிள்ளைகளின் தலையில் விழுகின்றது. அந்த மார்கழிப் பரீட்சையில் ஒரு பாடத்தை மாணவி எழுதவில்லை. வைத்தியசாலை விறாந்தையில் இருந்தாள். மறுமுறை தோற்றிச் சித்தியடைந்தாள் என்பது வேறு. தூரத்துக் கவனிப்பின் செலவைக் கணக்கிடும் பொருளியலாளரின் அட்டவணையில் இத்தகைய செலவுக்கு நிரல் எதுவுமில்லை. தன் பொய்யின் விலை அதுவென அம்மாயிக்கு யாரும் சொல்லவுமில்லை.

இப்போதும் காலை ஆறரைக்கு அழைப்புச் செல்கின்றது. தம்பி இரண்டு சோடி பற்றரி வாங்கி அரிசி டின்னுக்குள் வைத்திருக்கின்றான். அம்மாயி விரல்களை உரசிச் சூடேற்றியபின்பே கருவியை மாட்டுகின்றார். எண்ணைத் தம்பி பார்த்துச் சொல்கின்றான். கொப்பியில் முன்பு திகதியும் எண்ணும் மாத்திரமே இருந்தன. இப்போது மூன்றாவது நிரல் ஒன்றை மாணவி கோடிட்டிருக்கின்றாள். நேற்றைய வரிசையில் எண் 90. முன்னையதிலும் ஒன்று குறைவு. ஆயினும் அதன் அருகே அவள் எழுதியிருப்பது இது: 'ஆட்டைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார்.'